ஒலிப்பதிவில் அளவும் வடிவமும்

பாடிய பாட்டும் பேசிய பேச்சும் காற்றோடு கலந்து மறைந்துபோகும் என்ற நிலை மாறி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 1902-ஆம் ஆண்டு கல்கத்தாவில் மெழுகுத் தட்டுகளில் கிராமபோன் பதிவுகள் செய்யப்பட்டபோது, பாடுவோர் ஒரு கொம்புக் குழலை நெருங்கி நின்று உரத்த குரலில் பாட வேண்டியிருந்தது. அந்தக் குரலின் வலிமையே மெழுகில் ஊசியை அசைத்தது. 1925-ஆம் ஆண்டளவில் மின் ஒலிவாங்கி வழக்கத்திற்கு வந்தது. பின்னர் காந்த நாடா வந்தது. இன்று ஒரு சாதாரணக் கணினியும், ஓர் ஒலிவாங்கியும், தக்க மென்பொருளும் இருந்தால், முன்னர் பெரிய ஸ்தாபனங்களுக்கு மட்டுமே இயன்ற காரியத்தை ஒரு சிறிய அறையிலேயே செய்து முடிக்கலாம்.

ஆனால், ஒலிப்பதிவு செய்வது எளிதாகிவிட்ட அளவிற்குப் பழுதின்றிச் செய்வது எளிதாகிவிடவில்லை. வயது முதிர்ந்த ஒருவர் பாடிய தாலாட்டை ஓர் ஆசிரியர் பதிவு செய்கிறார் எனக் கொள்வோம். ஒலியின் அளவு மிகுந்துவிட்டால் அந்தக் குரல் கரகரத்துக் கெட்டுவிடும். அளவு மிகக் குறைந்துவிட்டால் இரைச்சலில் அது மூழ்கிவிடும். அளவு சரியாக அமைந்தும், கோப்பாக மாற்றும்போது தவறு நேர்ந்தால், கிடைத்த நற்பயனும் வீணாகும். மறு ஆண்டு அப்பாட்டைக் கேட்கச் செல்லும்போது பாடியவர் உயிருடன் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே, ஒலியின் அளவை ஆளும் முறையையும், அதைத் தக்க வடிவில் கோப்பாக்கும் முறையையும் அறிந்துகொள்வது, இசைத் தொழிலில் ஈடுபட்டோருக்கு மட்டுமன்றி, களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் அவசியமாகிறது.

மூன்று இடங்கள், மூன்று வகை ஒலிகள்

மும்பை நகரில் தமிழர்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளும் இவ்விஷயத்தை விளக்குவதற்கு ஏற்றவை.

மாட்டுங்காவை அடுத்துள்ள கிங்ஸ் சர்க்கிள் அருகே ஷண்முகானந்தா சபையின் அரங்கம் உள்ளது. 1952-இல் தொடங்கப்பெற்ற இச்சபையின் அரங்கம் 1963-இல் திறக்கப்பட்டது. 2,700-க்கும் மேற்பட்ட இருக்கைகளைக் கொண்ட இத்தகைய பேரரங்கில் கர்நாடக இசைக் கச்சேரி நடைபெறும்போது, தம்புராவின் மெல்லிய நாதமும், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் பலத்த முத்தாய்ப்பும் ஒரே மேடையில் பிறக்கின்றன. மிக மெல்லிய ஒலிக்கும் மிக வலிய ஒலிக்கும் இடையேயுள்ள தூரம் இங்கே பெரிது.

தாராவியின் நிலைமை வேறு. பட்டறைகளும் வீடுகளும் நெருங்கி நிற்கும் சந்துகளில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் ராப் எனப்படும் சொல்லிசை வேரூன்றியுள்ளது. இந்தி, மராத்தி, தமிழ் ஆகிய மொழிகள் கலந்து இளைஞர்கள் இதனைப் பாடுகின்றனர். தாராவியைக் கதைக்களமாகக் கொண்டு 2018-இல் வெளிவந்த 'காலா' திரைப்படத்தின் பாடல்களில், சந்தோஷ் நாராயணனின் இசையில், தாராவியைச் சேர்ந்த 'டோப்அடெலிக்ஸ்' குழுவினரின் சொல்லிசை இடம்பெற்றது. 2019-இல் வெளிவந்த 'கல்லி பாய்' என்ற இந்தித் திரைப்படமும் இப்பகுதியின் சொல்லிசையை நாடெங்கும் அறிமுகப்படுத்தியது. இவ்வகைப் பாடலில் வாய் ஒலிவாங்கியை ஒட்டியே இருக்கும். தாளமும் கனத்த அடியொலியும் இடைவிடாது ஒலிக்கும். மெல்லிய ஒலிக்கும் வலிய ஒலிக்கும் இடையேயுள்ள தூரம் இங்கே சிறிது.

செம்பூரிலோ 1948-இல் ராஜ் கபூர் நிறுவிய ஆர்.கே. ஸ்டூடியோ நெடுங்காலம் இயங்கி வந்தது. அதன் முடிவு நமக்கு வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. அதனைப் பின்னர்க் காண்போம்.

டெசிபெல் எனும் அளவுகோல்

ஒலியின் அளவைக் குறிக்க டெசிபெல் என்னும் அலகு பயன்படுகிறது. தொலைபேசியைக் கண்ட கிரஹாம் பெல்லின் பெயரைத் தழுவி 1920-களில் அமெரிக்கத் தொலைபேசிப் பொறியியலாளர்கள் இதனை வழக்கத்திற்குக் கொணர்ந்தனர். இது மீட்டர், கிலோகிராம் போன்று தனித்து நிற்கும் அலகு அன்று; ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடும் அலகு. அலையின் வீச்சு இருமடங்கானால் அளவு சுமார் 6 டெசிபெல் உயர்கிறது. வீச்சு பாதியானால் 6 டெசிபெல் குறைகிறது. பத்து மடங்கானால் 20 டெசிபெல் உயர்கிறது.

கணினி ஒலிப்பதிவில் அளவுகோலின் உச்சி பூஜ்யம் ஆகும். கணினியில் எழுதத்தக்க மிகப் பெரிய எண்ணுக்கு ஈடான ஒலியே பூஜ்ய டெசிபெல் என வைக்கப்பட்டுள்ளது. ஏனைய ஒலிகள் யாவும் அதற்குக் கீழே, குறை எண்களால் குறிக்கப்படுகின்றன. மென்பொருளின் திரையில் -6, -12, -18 என்று காண்பதன் பொருள் இதுவே. கிணற்றின் நீர்மட்டத்தைத் தரைமட்டத்திலிருந்து கீழ்நோக்கி அளப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

பூஜ்யத்திற்கு மேல் எழ முற்படும் அலைக்கு அங்கே இடமில்லை. அதன் முகடு கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிடுகிறது. இதனைக் கிளிப்பிங் என்பர். சீவப்பட்ட முகட்டின் உருவம் எங்கும் எழுதப்படவில்லை. ஆதலால் அதனை உள்ளவாறே மீட்டெடுக்க இயலாது. பின்னர் அளவைக் குறைத்தாலும், தட்டையான முகடு சிறிய தட்டையான முகடாகுமேயன்றி, வட்டமான பழைய முகடாக மாறாது. பழுதுபார்க்கும் மென்பொருள்கள் விடுபட்ட பகுதியை ஊகித்து நிரப்புகின்றன, அது ஊகமே.

பதிவு செய்யும்போது

முன்னாளில் காந்த நாடாவில் பதிவு செய்தோர் நாடாவின் இரைச்சலுக்கு அஞ்சி, இயன்ற வரை அளவை உயர்த்தியே வைத்தனர். நாடாவும் சிறிது மிகையைப் பொறுத்துக்கொண்டது. அப்பழக்கம் கணினிப் பதிவிற்குப் பொருந்தாது.

கணினி ஒவ்வொரு கணமும் அலையின் உயரத்தை அளந்து எண்ணாக எழுதுகிறது. 16 பிட் முறையில் அந்த உயரம் 65,536 படிகளாகப் பகுக்கப்படுகிறது. 24 பிட் முறையில் 1,67,77,216 படிகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெல் இடத்தைத் தருவதால், 16 பிட் முறையில் சுமார் 96 டெசிபெல்லும், 24 பிட் முறையில் சுமார் 144 டெசிபெல்லும் இடம் கிடைக்கிறது. அறையின் இரைச்சலும் ஒலிவாங்கியின் இரைச்சலும் இந்த அடித்தளத்திற்கு மிக மேலே இருப்பவை. ஆகவே 24 பிட் முறையில் பதிவு செய்வோர் அளவை விளிம்பு வரை ஏற்ற வேண்டிய தேவையே இல்லை.

பேச்சோ பாட்டோ, சராசரி அளவு -18-ஐ ஒட்டியும், மிக உரத்த இடங்கள் -12 முதல் -6 வரையிலும் அமையுமாறு வைத்துக்கொள்வது நல்லது. பதிவு தொடங்குமுன், பாடுவோரை மிக உரத்த பகுதியையே பாடிக்காட்டும்படி கேட்டு அளவைத் திருத்த வேண்டும். சோதனையின்போது அடங்கிப் பாடுவோர், உண்மைப் பதிவின்போது உணர்ச்சி மேலிட்டு உரத்துப் பாடுவது எங்கும் காணப்படும் வழக்கமாகும். மாட்டுங்கா அரங்கின் தனி ஆவர்த்தனத்திற்கும் இது பொருந்தும்; கிராமத்து வில்லுப்பாட்டிற்கும் இது பொருந்தும்.

தடங்கள் சேரும்போது

ஒவ்வொரு தடமும் தனித்தனியே சரியாக இருப்பினும், அவை ஒன்றுசேரும்போது அளவு உயர்கிறது. முற்றிலும் ஒத்த இரு தடங்கள் சேர்ந்தால் 6 டெசிபெல் கூடும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத, சம அளவுள்ள இரு தடங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 3 டெசிபெல் கூடும். பத்துத் தடங்கள் சேர்ந்தால் 10 டெசிபெல் கூடும். தாராவியின் சொல்லிசைக் குழுவொன்று தாளம், அடியொலி, நான்கு குரல்கள், கைத்தட்டல் ஆகியவற்றைச் சேர்க்கும்போது மொத்த அளவு விரைவில் பூஜ்யத்தைத் தாண்டிவிடுவதன் காரணம் இதுவே.

இங்கே ஒரு வசதி உண்டு. அதனுள் ஓர் அபாயமும் உண்டு. பெரும்பாலான மென்பொருள்கள் தமக்குள்ளே 32 பிட் மிதவைப் புள்ளி என்னும் முறையில் கணக்கிடுகின்றன. அம்முறையில் பூஜ்யத்தைத் தாண்டிய அலையும் சீவப்படாமல் பாதுகாக்கப்படுகிறது; இறுதியில் மொத்த அளவைக் குறைத்தால் அது முழு உருவோடு திரும்பக் கிடைக்கிறது. ஆனால் குறைக்காமல், அப்படியே 16 அல்லது 24 பிட் கோப்பாக எழுதினால், எழுதும் அக்கணத்திலேயே முகடுகள் சீவப்படும். எனவே கோப்பாக்குமுன் இறுதி அளவுகாட்டியைப் பாடல் முழுவதற்கும் ஓடவிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது.

உச்சமும் உரப்பும்

மாஸ்டரிங் எனப்படும் இறுதிச் செம்மையாக்கத்தின் பழைய நோக்கம் இசைத்தட்டைச் சார்ந்தது. அடியொலி மிகுந்தால் தட்டின் வரிப்பள்ளம் அகன்று ஊசி துள்ளிவிடும். மிகக் குறைந்தால் தட்டின் இரைச்சல் மேலோங்கும். இவ்விரண்டிற்கும் இடையே பாடலைப் பொருத்துவதே அத்தொழிலாளரின் திறமையாக இருந்தது. குறுந்தகடு 1982-இல் சந்தைக்கு வந்த பின்னர் இத்தடைகள் நீங்கின. தடைகள் நீங்கவே, ஒவ்வொருவரும் தம் பாடல் பிறருடைய பாடலைவிட உரத்துக் கேட்க வேண்டும் என்று போட்டியிடலாயினர். லிமிட்டர் என்னும் கருவியால் முகடுகளை அழுத்தி, மற்றவற்றை மேலே உயர்த்தினர். பாடல் உரத்தது, ஆனால் தாளத்தின் அடியும் குரலின் ஏற்ற இறக்கமும் மழுங்கின.

இங்கே உச்சம் வேறு, உரப்பு வேறு என்பதை உணர வேண்டும். உச்சம் என்பது அலை தொடும் மிக உயர்ந்த புள்ளி. உரப்பு என்பது மனிதச் செவி சில கணங்கள் சேர்த்து உணரும் வலிமை. ஒரு கைத்தட்டலும் ஒரு நாதசுர இழைப்பும் ஒரே உச்சத்தைத் தொடலாம். ஆனால் நாதசுரமே உரத்துக் கேட்கும். இந்த உரப்பை அளக்கும் முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் பி.எஸ்.1770 என்ற பரிந்துரையாக வெளியிட்டது. அதன் அலகு எல்.யூ.எஃப்.எஸ். எனப்படும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் -23 என்ற அளவைத் தன் நிலையங்களுக்கு வரையறுத்தது. இணைய வழி இசை தரும் சேவைகளில் சில -14-ஐ ஒட்டிய அளவைக் கடைப்பிடிக்கின்றன.

இதன் விளைவு கவனிக்கத்தக்கது. ஓர் இளைஞர் தம் பாடலை மிக அழுத்தி -8 என்ற உரப்பிற்கு உயர்த்துகிறார் எனக் கொள்வோம். -14-ஐக் கடைப்பிடிக்கும் சேவை அதனை 6 டெசிபெல் குறைத்தே ஒலிக்கச் செய்யும். முகடுகளை அழிக்காமல் -14-இலேயே நிறுத்திய மற்றொருவரின் பாடலும் அதே உரப்பில் கேட்கும். ஆனால் அதில் தாளத்தின் அடி உயிரோடு இருக்கும். முதலாமவர் உரப்பிலும் வெல்லவில்லை. பாடலின் உயிரையும் இழந்தார். அறியாமல் செய்த இந்த நஷ்டத்தை அவர் ஈடுசெய்ய இயலாது.

செவியும் இவ்விஷயத்தில் நம்மை ஏமாற்றவல்லது. உரத்துக் கேட்பது எதுவும் சிறப்பாக இருப்பதுபோல் தோன்றும். மேலும், உரப்பு மிகும்போது அடியொலி கூடுதலாகக் கேட்கும் என்பதை 1933-இல் ஃபிளெட்சர், மன்சன் ஆகிய இரு விஞ்ஞானிகள் ஆராய்ந்து காட்டினர். ஆகவே, இரு பதிவுகளை ஒப்பிடுமுன் அவற்றின் உரப்பைச் சமமாக்கிக்கொள்ள வேண்டும். சுற்றிலும் இரைச்சல் நிறைந்த சந்துகளில் பணியாற்றுவோர் அதனை வெல்லக் காதணியின் ஒலியை உயர்த்திக்கொண்டே செல்வர். இது தீர்ப்பைக் கெடுப்பதோடு செவியையும் கெடுக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி, 80 டெசிபெல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெல் அளவிலோ 4 மணி நேரமே தகும்.

மாதிரிகளுக்கு இடையே

கணினி குறுந்தகட்டுத் தரத்தில் வினாடிக்கு 44,100 முறை அலையை அளந்து மாதிரி எடுக்கிறது. மாதிரி எண்ணிக்கையில் பாதியளவு அதிர்வெண் வரையே பதிவு செய்ய இயலும் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் நிறுவிய விதியாகும். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்பதால் இந்த எண்ணிக்கை போதுமானது.

ஆனால் மாதிரிகள் பூஜ்யத்தைத் தாண்டாதிருந்தும், இரு மாதிரிகளுக்கு இடையே எழும் உண்மையான அலை பூஜ்யத்தைத் தாண்டக்கூடும். வயலில் ஊன்றிய இரு கம்பங்களுக்கு இடையே உள்ள மேடு, கம்பங்கள் நிற்கும் இடத்தைவிட உயர்ந்திருப்பது போன்றது இது. மேலும், எம்.பி.3 போன்ற சுருக்க வடிவங்களுக்கு மாற்றும்போது அலையின் உருவம் சிறிது மாறி, புதிய முகடுகள் எழுகின்றன. ஆதலால் இறுதி உச்சத்தைப் பூஜ்யத்தில் நிறுத்தாமல், -1 டெசிபெல்லில் நிறுத்துவது பொதுவழக்கு.

கோப்பாக வெளியிடுதல்

முடிந்த பாடலைத் தனிக்கோப்பாக எழுதுவதைக் கணினி வழக்கில் ஏற்றுமதி என்பர். இக்கட்டத்தில் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும்: மாதிரி எண்ணிக்கை எத்தனை, பிட் எத்தனை, வடிவம் எது?

இசை மட்டுமாயின் 44,100-உம், திரைப்படம் அல்லது காட்சிப்பதிவோடு சேர்வதாயின் 48,000-உம் வழக்கில் உள்ளன. எந்த எண்ணிக்கையில் பதிவு தொடங்கியதோ அதிலேயே முடிப்பது நல்லது. தேவையின்றி மாற்றுவதால் பயனில்லை.

24 பிட்டிலிருந்து 16 பிட்டுக்குக் குறைக்கும்போது, மிக மெல்லிய ஒலிகள் படிகளுக்கிடையே சிக்கிக் கரகரக்கும். தம்புராவின் நாதம் தேய்ந்து மறையும் இடத்தில் இதனை உணரலாம். இதனைத் தவிர்க்க டிதர் என்னும் மிக நுண்ணிய இரைச்சலை வேண்டுமென்றே கலப்பர். அது கரகரப்பை நீக்கி, செவிக்குப் புலப்படாத மெல்லிய மூச்சொலியாக மாற்றிவிடுகிறது. டிதர் ஒரே முறை, இறுதியில் மட்டுமே சேர்க்கத்தக்கது.

வடிவங்களில் வேவ் என்பது எதையும் விடாமல் எழுதுவது. குறுந்தகட்டுத் தரத்தில் இருதட ஒலிக்கு நிமிடத்திற்குச் சுமார் 10.6 மெகாபைட் இடம் வேண்டும். 48,000 மாதிரி, 24 பிட் தரத்தில் 17.3 மெகாபைட் வேண்டும். மூன்று மணி நேரக் கச்சேரி இத்தரத்தில் ஏறத்தாழ 3.1 கிகாபைட் ஆகும். சாதாரண வேவ் கோப்பின் எல்லை 4 கிகாபைட். எனவே இதே தரத்தில் நான்கு மணி நேரத்தைத் தாண்டும் பதிவை இரண்டாகப் பிரிப்பது நலம். ஃபிளாக் என்னும் வடிவம் எதையும் இழக்காமலேயே கோப்பைச் சுருக்குகிறது.

எம்.பி.3 வடிவமோ, உரத்த ஒலியின் நிழலில் மறைந்து செவிக்கு எட்டாத நுண்ணொலிகளை நீக்கிச் சுருக்குகிறது. வினாடிக்கு 128 கிலோபிட் அளவில் ஒரு நிமிடத்திற்கு ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான இடமே போதும். எடுத்துச் செல்லவும் அனுப்பவும் இது ஏற்றது. ஆனால் நீக்கியது திரும்பி வராது. எம்.பி.3 கோப்பைத் திருத்தி மீண்டும் எம்.பி.3-ஆகவே எழுதினால், ஒவ்வொரு முறையும் இழப்பு கூடும். நகலிலிருந்து நகல் எடுத்த பத்திரம் வரவர மங்குவது போன்றதே இது. ஆகவே மூலத்தை வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் வைத்துக்கொண்டு, அதிலிருந்தே எம்.பி.3 நகல்களை எடுக்க வேண்டும்.

கோப்பை எழுதியதும் பணி முடிந்துவிடவில்லை. எழுதிய கோப்பைத் திறந்து முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை கேட்க வேண்டும். ஓய்ந்து மறையும் இறுதி நாதம் பாதியில் வெட்டுண்டிருப்பதும், ஒரு தடம் மௌனமாகிவிட்டிருப்பதும் அப்போதே வெளிப்படும்.

இரு தீ விபத்துக்கள்

மாட்டுங்காவின் ஷண்முகானந்தா அரங்கம் 1990-இல் தீ விபத்தில் சேதமுற்றது; புதுப்பிக்கப்பெற்று 1998-இல் மீண்டும் திறக்கப்பட்டது. செம்பூரின் ஆர்.கே. ஸ்டூடியோவில் 2017 செப்டம்பரில் தீப்பிடித்தது. பழைய திரைப்படங்களில் அணிந்த உடைகளும் நினைவுப் பொருள்களும் அதில் அழிந்தன. 2019-இல் அந்நிலம் கட்டுமான நிறுவனம் ஒன்றிற்குக் கைமாறியது. அரங்கத்தைத் திரும்பக் கட்டலாம். எரிந்த உடையைத் திரும்ப நெய்ய இயலாது.

ஒலிக்கோப்பிற்கு ஒரு பெரும் நன்மை உண்டு. அதன் நகல் மூலத்திற்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. எண்கள் அப்படியே படியெடுக்கப்படுகின்றன. ஆகவே முக்கியமான பதிவை மூன்று பிரதிகளாக, இரு வேறு வகைச் சாதனங்களில், ஒன்றேனும் வேறொரு கட்டடத்தில் இருக்குமாறு வைப்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறையாகும். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

வகுப்பறையிலும் களத்திலும்

மேற்கூறியவற்றைச் செய்துபார்க்க விலையுயர்ந்த சாதனங்கள் வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவரும் ஆடாசிட்டி என்னும் மென்பொருளே போதுமானது. ஒரே வாக்கியத்தை மூன்று அளவுகளில் பதிவு செய்து, அலையின் உருவத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினால், சீவப்பட்ட முகடு எதுவென்பதை மாணவர் கண்ணாலேயே காண்பர். பின்னர் அதன் அளவைக் குறைத்துக் காட்டினால், கரகரப்பு நீங்காதிருப்பதைச் செவியாலும் அறிவர்.

உழவர்க்கான உரையையோ பாடத்தையோ கைப்பேசிகளுக்கு அனுப்புவோர், ஒருதட ஒலியாக, 64 கிலோபிட் அளவில் எம்.பி.3 கோப்பு எடுத்தால் நிமிடத்திற்கு அரை மெகாபைட்டே ஆகும். பேச்சுக்கு இத்தரம் போதும். ஆனால் முதியோரின் பாட்டு, வழக்கொழிந்துவரும் சொல், நோன்புக் கதை ஆகியவற்றைப் பதிவு செய்வோர் 24 பிட் வேவ் கோப்பையே மூலமாகக் கொள்ள வேண்டும். கோப்பின் பெயரில் பாடியவர், ஊர், தேதி ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும். பெயரில்லாத கோப்பு பெட்டிக்குள் தொலைந்த ஓலைக்கு ஒப்பாகும்.

பேரரங்கின் கச்சேரியாயினும், சந்தில் ஒரு சிறிய அறையில் பிறந்த சொல்லிசையாயினும், குடிசைத் திண்ணையின் தாலாட்டாயினும் விதி ஒன்றே: முகட்டிற்கு மேல் சிறிது இடம் விட்டுப் பதிவு செய்க, உரப்பைப் போட்டிக்காக உயர்த்தற்க, மூலத்தைக் குறையின்றிப் பேணுக, நகலையே பிறருக்கு வழங்குக. இவ்விதியைக் கடைப்பிடித்தால், இன்று ஒரு முறை ஒலித்த குரல், அதனைக் கேட்டறியாத பேரக் குழந்தைகளுக்கும் தெளிவாக ஒலிக்கும்.